ஹூஸ்டனுக்குப் புதிதா? காற்றைவிடத் தண்ணீருக்குப் பயப்படுங்கள்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை இங்கே புயல் காலம். கேட்டி, சுகர்லேண்ட், பியர்லேண்ட் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் டிவியில் 'கேட்டகரி' எத்தனை என்று பார்த்துவிட்டு, ஒன்றுதானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும், மழையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ராக்போர்ட் பக்கம் கேட்டகரி 4 ஆகக் கரையேறி, வலுவிழந்த பிறகு இந்தப் பக்கம் நகராமல் நின்று நாள்கணக்கில் கொட்டியதில்தான் ஹூஸ்டன் மூழ்கியது. மேற்கே அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன, மற்ற நாளில் பூங்கா மாதிரி காய்ந்து கிடக்கும். அன்று அவற்றுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரிலும் வீடுகள் மூழ்கின, திறந்துவிட்ட தண்ணீரில் பஃபலோ பையூ என்ற ஓடையின் ஓரத்திலும் மூழ்கின. 2015-ல் செம்பரம்பாக்கத்தைத் திறந்தபோது சென்னையில் இருந்தவர்களுக்கு இது புரியும். அதனால் வீடு பார்க்கும்போதே வெள்ள வரைபடத்தைப் பாருங்கள், 2017-ல் உள்ளே தண்ணீர் வந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது, வாடகை வீட்டுக்கு எடுப்பதும் அப்படித்தான். வெள்ளத்துக்குத் தனி பாலிசி வேண்டும். அரசுத் திட்டத்தில் பணம் கட்டியதிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும், புயல் வளைகுடாவுக்குள் வந்த பிறகு ஓடிப்போய் எடுத்துப் பயனில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம். தயவுசெய்து மே மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அப்புறம் கரண்ட். 2024 ஜூலை 8-ல் வந்த பெரில் புயல் கேட்டகரி 1 தான், ஆனால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்கள் வீட்டில் நான்கு நாள் இல்லை. முதல் நாள் அரைத்து வைத்த இட்லி மாவு ஃபிரிட்ஜுக்குள்ளேயே பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டு வரை வழிந்திருந்தது. அந்த வெயிலில் குழந்தையை ஈரத்துண்டால் துடைத்துத் துடைத்துத் தூங்க வைத்தோம். அடுப்பும் கரண்டில்தான் என்பது அன்றுதான் உறைத்தது. அவல், பொட்டுக்கடலை, பழம், ரொட்டி, பால் பவுடர் வாங்கி வையுங்கள். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், கழிப்பறைக்கு பாத்டப்பை நிரப்பிக்கொள்ளுங்கள். கேம்ப் அடுப்பை வீட்டுக்குள் பற்றவைக்கவே கூடாது, ஜெனரேட்டரை கராஜில்கூட வைக்கக் கூடாது, வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அந்தப் புகையில் வாசனையே இல்லாத நச்சு வாயு இருக்கிறது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

பாஸ்போர்ட், ஐ-797 (குடியேற்றத் துறை அனுப்பும் விசா நோட்டீஸ்), பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜிப்லாக் பையில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள், போனிலும் படமெடுத்து வையுங்கள்.

மழை பிடித்த பிறகு வண்டியை எடுக்காதீர்கள், இங்கே அண்டர்பாஸ்கள் நிமிடத்தில் நிரம்பும். ஓரடித் தண்ணீர் ஓடினாலே சின்னக் கார் அடித்துக்கொண்டு போய்விடும், இருட்டில் ஆழமும் தெரியாது. வெளியேறச் சொன்னால் தாமதிக்காமல் கிளம்புங்கள். அது எந்தெந்தப் பகுதிக்கு என்று ஜிப் கோடை வைத்துச் சொல்வார்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் போய் அடைபடாதீர்கள், வெளியே வர வழி இருக்காது. கூரைமேல் ஏறி, 911 கிடைக்கும்வரை விடாமல் அடியுங்கள்.