ஈஸ்ட் ஹாமில் அறை எடுக்கும் முன்: லைசென்ஸ், ஈரச்சுவர், கவுன்சில்

லண்டன் வந்ததும் நம்மவர்கள் பலர் முதலில் அறை தேடுவது ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம்தான். ஹவுஸ் ஓனரும் பல நேரம் நம் ஆளாக இருப்பார், "தம்பி, அட்வான்ஸ் குடுத்துட்டு இன்னைக்கே வந்துருங்க" என்பார். நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் பணம் கொடுக்கும் முன் அந்த வீட்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறை, குளியலறையைப் பகிர்ந்துகொண்டு வாடகைக்கு இருந்தால் அது பெரிய எச்எம்ஓ (எச்எம்ஓ என்றால் ஒரே குடும்பமாக இல்லாத பலர் பகிர்ந்து வாழும் வீடு). இங்கிலாந்து முழுவதும் அதற்குக் கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், லைசென்ஸ் கட்டாயம். உரிமம் பெற்ற வீடுகளின் பதிவேட்டைக் கவுன்சில் வைத்திருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாம் கவுன்சில் ஒரு படி மேலே போய், 2013 ஜனவரியிலேயே, இங்கிலாந்தில் முதல்முறையாக, தன் எல்லை முழுவதும் தனியார் வாடகை வீடுகளுக்கு லைசென்ஸ் கொண்டுவந்தது. எச்எம்ஓவில் ஒரு பெரியவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், இருவர் என்றால் 10.22. அடுக்குக் கட்டில் போட்டு நாலு பேரை அடைக்கும் அறைகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது பூஞ்சை. குளிர்காலத்தில் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தினால் பின்சுவரில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், துடைத்தால் போகும், சில வாரத்தில் திரும்ப வரும். ஓனரிடம் சொன்னால் "துணியை உள்ளே காயப்போடுறீங்க, ஜன்னலைத் திறக்கிறதில்லை" என்ற பதில் தயாராக இருக்கும். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் சுவரின் அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை கறை ஏறியிருந்தாலோ, மழை பெய்தால் மட்டும் ஒரு மூலை நனைந்தாலோ, அது உங்கள் சாம்பாரின் ஆவி இல்லை, கட்டடத்தின் கோளாறு. கவுன்சிலிலிருந்து வருபவர் ஈரமானியைச் சுவரில் வைத்துப் பார்ப்பார், ஹீட்டர் வேலை செய்கிறதா, சமையலறைக் கதவு தானாக மூடுகிறதா, புகை அலாரம் அடிக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார். மொத்தம் 29 வகை ஆபத்துகள் அவர்கள் பட்டியலில் உண்டு. முதல் வகை ஆபத்து என்று மதிப்பிட்டுவிட்டால் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும், இரண்டாம் வகை என்றால் அது அவர்கள் விருப்பம்.

புகார் கொடுப்பதற்கு முன் ஓனருக்கு இமெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள், தேதியோடு படமும் சேர்த்து. பதில் இல்லையென்றால் கவுன்சில் இணையதளத்தில் தனியார் வாடகை வீட்டுப் பிரிவில் எழுதலாம், கட்டணம் கிடையாது. வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பழுதைச் சரிசெய்யச் சொல்லிக் கவுன்சில் இம்ப்ரூவ்மென்ட் நோட்டீஸ் கொடுத்தாலும் வேலையைத் தொடங்க ஓனருக்குக் குறைந்தது 28 நாள் அவகாசம் உண்டு.

"புகார் கொடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா அண்ணா?" என்று கேட்காத ஆளே இல்லை. ஈரச்சுவரைப் பற்றிப் புகார் செய்வது எந்த விசா விதியையும் மீறுவதாகாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் நியாயமானது. 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் பழைய வழி போய்விட்டது, ஆனால் ஓனர் வசிக்கும் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை: அளவுக்கு மீறி ஆள் நிறைந்த வீட்டுக்குக் கவுன்சில் வந்தால் உங்களில் சிலர் வெளியேற வேண்டிவரலாம். மாற்று இடத்தை யோசித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அப்புறம், வாடகையைக் கையில் காசாகக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாத எச்எம்ஓவில் இருந்தவர்கள் வாடகையைத் திரும்பக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும். முன்பு 12 மாத வாடகை வரைதான் கேட்க முடிந்தது, 2026 மே 1 முதல் வந்த புதிய சட்டம் இதை இரண்டு வருடமாக நீட்டியிருக்கிறது. ஆனால் கட்டியதற்கு ஆதாரம் கேட்பார்கள், அங்கே பேசுவது வங்கி ஸ்டேட்மென்ட்தான்.