சளி பிடித்த குழந்தைக்கு மூச்சு எண்ணுவது எப்படி?

மழைக்காலத்தில் கைக்குழந்தைகளுக்கு வரும் சளி, இருமலில் பெரும்பாலானவை ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்களின் வேலைதான். ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்காது. எந்தக் குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்பதை மூச்சே சொல்லிவிடும்.

குழந்தை தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ சட்டையை மார்புக்கு மேல் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பும். சிசுக்களின் மூச்சு சீராக இருக்காது. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணாதீர்கள். காய்ச்சலிலும் மூச்சு கூடும். அது தணிந்ததும் மறுபடி எண்ணுங்கள்.

நிமிடத்துக்கு மூச்சு, 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சு. அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாவிட்டால், உதடு நீலித்தால், வலிப்பு வந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

மூக்கடைப்புக்குப் பால் கொடுக்கும் முன் சலைன் சொட்டு போதும். இருமல் சிரப் வேண்டாம்.

பாராசிட்டமாலில்தான் பலர் சறுக்குகிறார்கள். சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி.; சிரப்பில் 5 மி.லி.க்கு 125 அல்லது 250. சிரப் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் இரண்டு முதல் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். லேபிளைப் படித்துவிட்டு மூடியைத் திறங்கள்.