நகப்பூச்சின் நிறத்தை ஈரத்தில் முடிவு செய்யாதீர்கள்

இரண்டு சிவப்பு நகப்பூச்சுப் புட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒன்றுதான்" என்று ஒதுக்கிவிடுவது பலரும் செய்கிற தவறு. புட்டியில் நாம் பார்ப்பது அடர்ந்து நிறைந்த திரவத்தை. நகத்தில் ஏறுவதோ ஒரு தாளின் கனம்கூட இல்லாத படலம். அந்தப் படலத்தில் ஒளி புகுந்து, அடியில் இருக்கும் நகத்தின் நிறத்தையும் தொட்டுத்தான் நம் கண்ணுக்குத் திரும்புகிறது. ஒளி ஊடுருவும் ஜெல்லி வகைப் பூச்சுகளில் இந்த வேறுபாடு மிக அதிகம்: புட்டியில் கறுப்பாகவே தோன்றும் கருஞ்சிவப்பு, முதல் பூச்சில் வெறும் சாயம்போல வெளிறி நிற்கும். ஒளி ஊடுருவாத க்ரீம் வகையில் வேறுபாடு குறைவு. ஆனாலும் இல்லாமல் இல்லை.

சரி, பூசித்தான் பார்க்கிறோம் என்பவர்கள் அடுத்து செய்யும் தவறு, வெள்ளைத்தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது. தாள் பூச்சின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பளபளப்பு போய்விடும், நிறமும் மாறித் தெரியும். நிறையப் புட்டிகள் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நகங்களை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாக எத்தனை பூச்சு போடுவீர்களோ அத்தனையை அதில் போட்டு, பின்பக்கம் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிவையுங்கள். அதை உங்கள் நகத்தின் மேலேயே வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. தோலின் நிறத்தோடு ஒரு நகப்பூச்சு எப்படிப் பொருந்துகிறது என்பதை வேறு எந்த முறையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

இரண்டு நிறங்கள் உண்மையிலேயே ஒன்றா என்று அறிய, ஒரே பிளாஸ்டிக் நகத்தின் ஒரு பாதியில் ஒன்றையும் மறு பாதியில் மற்றொன்றையும் இடைவெளி இல்லாமல் பூசிக் காயவிடுங்கள். நடுவில் எல்லைக்கோடு தெரியவில்லை என்றால் இரண்டும் ஒன்று. மெல்லிய கோடு தெரிந்தால்கூட அவை வேறு வேறு. தள்ளித்தள்ளி வைத்துப் பார்க்கும்போது நினைவை நம்புகிறோம். நிறத்தைப் பொறுத்தவரை நினைவு எளிதில் ஏமாற்றும். மினுமினுப்புள்ள ஷிம்மர் வகைகளைச் சாய்த்தும் திருப்பியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நேராகப் பார்க்கையில் ஒன்றாக இருப்பவை சாய்வில் பிரிந்துவிடும்.

இதையெல்லாம் ஈரத்தில் பார்க்காதீர்கள். பல பூச்சுகள், குறிப்பாகச் சிவப்புகள், காயும்போது ஒரு படி கறுத்துவிடும். கடைசியாக மேலே போடும் நிறமற்ற பூச்சான டாப் கோட் பளபளப்பானதாக இருந்தால் நிறத்தை இன்னும் ஆழமாக்கும். பளபளப்பில்லாத மேட் டாப் கோட் ஒளியைச் சிதறடிப்பதால் அதே நிறம் சற்று வெளிறித் தெரியும். கடைசியில் எந்த டாப் கோட் போடப்போகிறீர்களோ, அதையும் போட்டுக் காய்ந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

வெளிச்சமும் ஏமாற்றும். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில், வீட்டில் எரியும் மஞ்சள் விளக்கின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின்; பகல் வெளிச்சம் 5000 முதல் 6500 கெல்வின் வரை. வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு பூச்சுகள் ஒரு வெளிச்சத்தில் அச்சாக ஒத்துப்போய், இன்னொன்றில் பிரிந்து நிற்கலாம். நேர் வெயில் படாத சன்னலோரத்தில் பாருங்கள். எந்த விளக்கின் கீழ் கையைக் காட்டப்போகிறீர்களோ, அங்கும் ஒருமுறை பாருங்கள். கைப்பேசிப் படத்தை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். கேமரா ஒவ்வொரு முறையும் எது வெள்ளை என்று தானே கணக்கிட்டு மற்ற நிறங்களையும் மாற்றிக்கொள்வதால், தனித்தனியாக எடுத்த இரண்டு படங்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. இரண்டு நிறமும் ஒரே படத்துக்குள் இருக்க வேண்டும். நியான் நிறங்கள் திரையில் தம் உண்மையான வீரியத்தைக் காட்டுவதே இல்லை.

நகத்தில் கோலமும் படமும் வரையும் நெயில் ஆர்ட்டில் நேரும் தவறுகளில் பல, ஒரே காரணத்தைப் புரிந்துகொண்டால் விலகிவிடும். சாதாரண நகப்பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து, நிறமி சேர்த்தது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிஞ்சும் படலம்தான் நம் நகத்தில் நிற்பது. அதன்மேல் அடுத்த பூச்சைத் தடவும்போது, புதிதாக வரும் கரைப்பான் கீழே காய்ந்திருப்பதையும் கொஞ்சம் இளக்கிவிடும். கீழ்ப்பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருந்தால் தூரிகை அதை உழுதுகொண்டே போகும்.

"கனமாக ஒரே பூச்சு, வேலை முடிந்தது" என்ற அவசரம் ஏன் பலிப்பதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். மேற்பரப்பு காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் குமிழியாகிறது. தொட்டால் ஒட்டவில்லை என்று நம்பித் தூங்கப் போனால் காலையில் படுக்கை விரிப்பின் நெசவு நகத்தில் பதிந்திருக்கும். மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகள், இடையிடையே சில நிமிடங்கள் பொறுமை. இதற்கு மாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

டேப் ஒட்டிக் கோடுகள் வரைபவர்கள் இரண்டு இடங்களில் நேரத்தைத் தலைகீழாகக் கணக்கிடுகிறார்கள். டேப்பை ஒட்டும்முன் அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டேப்போடு அதுவும் உரிந்துவரும். ஆனால் மேலே பூசிய நிறம் ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும். அதுவும் காயட்டும் என்று காத்திருந்தால் கோட்டின் ஓரம் பிசிறும்.

மணிக்கணக்கில் வரைந்த பூவை டாப் கோட் ஒரே இழுப்பில் கலைத்துவிடும்போது மனம் உடைந்துபோகும். பத்து நிமிடமாவது காயவிட்டு, தூரிகையில் டாப் கோட்டைத் தாராளமாக எடுத்து, தூரிகையின் முடி நகத்தைத் தொடாதபடி துளியை மட்டும் மிதக்கவிட்டு நகர்த்துங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் நுண்ணிய வேலைகளுக்கு நகப்பூச்சையே பயன்படுத்தாமல், ஓவியர்கள் பயன்படுத்தும் நீர் கலந்த அக்ரிலிக் வண்ணத்தை எடுத்துக்கொள்வது மிக நல்லது. அது அடிப்பூச்சை இளக்காது. தவறிப்போனால் ஈரத் தூரிகையால் உடனே துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். டாப் கோட் மட்டும் கட்டாயம், இல்லையேல் கை கழுவும்போது போய்விடும்.

படம் செதுக்கிய தகட்டில் பூச்சைத் தடவி, முத்திரையால் எடுத்து நகத்தில் பதிப்பதுதான் ஸ்டாம்பிங். அதில் தகட்டிலிருந்து படம் எழாவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி வேகம்தான். மெல்லிய கோடுகளில் இருக்கும் பூச்சு நொடிகளில் காய்ந்துவிடுகிறது. பூசு, மிகுதியை வழி, முத்திரையால் எடு என்று தயங்காமல் செய்ய வேண்டும். முத்திரையை ஓங்கிக் குத்தாமல் ஓரத்திலிருந்து உருட்டுங்கள். ஒளி ஊடுருவும் சிலிகான் முத்திரையை அசிட்டோன் என்ற கரைப்பானால் துடைத்தால் மங்கிப்போகும். ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்தால் போதும்.

கெட்டியான பழைய பூச்சில், நகப்பூச்சை அழிக்கும் ரிமூவரை ஊற்றுவது அந்தப் புட்டியைக் கெடுக்கும் வழி. நகப்பூச்சுக்கென்று விற்கும் தின்னரில் சில துளிகள் விட்டு, புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். பூசும்முன் நகத்தின் எண்ணெய்ப் பசையைத் துடைப்பது, அடர்நிறத்துக்கு அடியில் நகத்தைக் காக்கும் பேஸ் கோட் போடுவது, நகத்தின் நுனி விளிம்பையும் சேர்த்துப் பூசுவது ஆகிய மூன்றும் எல்லோரும் அறிந்தவை, ஆனாலும் அவசரத்தில் தவறுபவை. பூச்சும் ரிமூவரும் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் அடுப்போ மெழுகுவத்தியோ எரியும் இடத்தில் இந்த வேலை வேண்டாம். சன்னல் திறந்திருக்கட்டும்.

விளக்கில் வைத்து இறுக்கும் ஜெல் வகைக்கு மேலே சொன்ன காயவிடும் கணக்கு பொருந்தாது. அது காய்வதில்லை, அதில் உள்ள அக்ரிலேட் பொருள்கள் ஒளிபட்டு ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகின்றன. பிணையாமல் எஞ்சும் அக்ரிலேட் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தங்கும். பல் சிகிச்சையில் பயன்படும் இதே குடும்பப் பொருள்களுக்கும் உடல் எதிர்வினை காட்டக்கூடும். வீட்டில் ஜெல் போடுகிறவர்கள், அந்த ஜெல்லுக்கு எந்த விளக்கு, எவ்வளவு நேரம் என்று தயாரிப்பாளர் சொல்கிறாரோ அதை அப்படியே பின்பற்றுங்கள். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் ஒரு துளி வழிந்தாலும், கையை விளக்கில் நீட்டும் முன்பே அதைத் துடைத்துவிடுங்கள்.