வீகன் க்ரீம் பாஸ்தா: சாஸ் களியாகிவிடும் தவறும் வேறு சிலவும்

பால், வெண்ணெய், முட்டை என விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சேர்க்காமல், அதாவது வீகன் முறையில், க்ரீம் பாஸ்தா செய்யப் பழகுகிறவர்களின் அடுப்பருகே அண்மையில் பலமுறை நின்றிருக்கிறேன். தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் ஏறத்தாழ அதே வரிசையில் செய்கிறார்கள். உப்பை மறப்பது, பாஸ்தாவைக் குழையவிடுவது போன்றவற்றை ஒருமுறை சாப்பிட்டதும் யாரும் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சாஸை அடுப்பிலேயே கெட்டியாக்குவது

இதைப் பார்த்தால் மட்டும் இன்றும் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை. க்ரீமுக்குப் பதிலாக, ஊறவைத்து நீர் சேர்த்து அரைத்த முந்திரியை வாணலியில் ஊற்றியதும் அது பால்போல் நீர்த்துத் தெரியும். உடனே தீயைக் கூட்டி, தட்டில் வேண்டிய பதம் அடுப்பிலேயே வரும்வரை கொதிக்கவிடுகிறார்கள். பாலிலிருந்து எடுத்த க்ரீம் நீர் வற்ற வற்ற மெல்லத்தான் கெட்டிப்படும். முந்திரியிலோ மாவுச்சத்து உண்டு. சூடேறியதும் அது நீரை உறிஞ்சி உப்புவதால் சாஸ் சட்டென்று இறுகிவிடுகிறது. அதன்பின் பாஸ்தாவும் தன் பங்குக்கு ஈரத்தை இழுக்கும், ஆற ஆற இன்னும் இறுகும்.

நண்பர்கள் நால்வருக்காக 200 கிராம் முந்திரியை அரைத்து நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, கரண்டியைத் தூக்கினால் பாஸ்தா முழுவதும் ஒரே கட்டியாக அதனோடு எழுந்து வந்தது. பதற்றத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். கட்டி இளகவில்லை, அதைச் சுற்றி வெளிறிய நீர்தான் தேங்கியது. அவ்வளவு முந்திரி வீணானதைவிட, வீகன் உணவென்றால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று ஒருவர் சொன்னதுதான் எனக்கு வலித்தது, ஏனெனில் பிழை என் கையில் இருந்ததே தவிர உணவில் இல்லை.

உறையில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே பாஸ்தாவை வடித்து, சிறுதீயில் சாஸோடு புரட்டி, பாஸ்தா வெந்த சூடான நீரைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வாணலியின் அடியில் கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ள வேண்டும். கோடு அப்படியே நின்றால் இன்னும் இரண்டு கரண்டி நீர் தேவை. அளவுக்கு மீறி நீர்த்துவிட்டதோ என்று உங்களுக்குத் தோன்றும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

பாஸ்தா வெந்த நீரைக் கொட்டிவிடுவது

வடிப்பதற்கு முன்பே அந்த நீரில் ஒரு கோப்பை அளவு எடுத்து வையுங்கள்.

வடித்த பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் அலசுவது

கூடவே கூடாது, சாஸ் ஒட்டாது.

முந்திரியை அரைகுறையாக ஊறவைப்பது

கொதிநீரில் அரை மணி நேரமாவது, சாதாரண நீரில் நான்கு மணி நேரமாவது ஊற வேண்டும். முதலில் குறைந்த நீரில் மைய அரைத்த பிறகே நீர்க்கச் செய்யுங்கள். தொடக்கத்திலேயே நீர் மிகுந்தால் துணுக்குகள் மிக்ஸியின் பிளேடில் சிக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு துளியை இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் மணல்போல் நெருடக் கூடாது.

கொதிக்கும்போது எலுமிச்சை பிழிவது

சோயா பால் சேர்த்த சாஸ் புளிப்பும் சூடும் சேர்ந்தால் திரிந்துவிடும். அடுப்பை அணைத்துச் சற்று ஆறியதும் பிழியுங்கள்.

உறையைப் படிக்காமல் வாங்குவது

உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் நீரும் மட்டுமே கொண்டது. உலர்த்தாமல் விற்கும் பாஸ்தாவில் பல நேரம் முட்டை இருக்கும். ஓட்ஸ் பால், பாதாம் பால் வாங்கும்போது சர்க்கரையோ வெனிலாவோ சேர்க்காததுதானா என்றும் பாருங்கள். அந்த இனிப்பைப் பூண்டாலும் மிளகாலும் மறைக்க முடியாது.