இரவுப் புறப்பாட்டைப் படமெடுத்தல்: ஐஎஸ்ஓவை எப்போது, எவ்வளவு உயர்த்துவது?

நாச்சியார்கோவில் கல் கருட சேவை போன்ற புறப்பாடுகளைப் பொழுது சாய்ந்தபின் படமெடுக்கும் புதியவர்கள் பலர், படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று அஞ்சி படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் கேமரா அமைப்பான ஐஎஸ்ஓவை 800-க்கு மேல் ஏற்றத் தயங்குகிறார்கள். அந்தப் புள்ளிகளுக்கு, அதாவது நாய்ஸுக்கு, முதற்காரணம் ஐஎஸ்ஓ அன்று, வெளிச்சக் குறைவே. ஒளித்துகள்கள் கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் மீது சீராக விழுவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 100 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10 அளவில், அதாவது 10 விழுக்காடாக இருக்கும். 10,000 விழுந்தால் அது 1 விழுக்காடுதான். ஆகவே வெளிச்சத்தைச் சேர்ப்பதே முதல் வேலை.

முதலில் கேமராவை, எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல் நிலைக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை, முடிவு செய்யுங்கள். சுவாமியைச் சுமக்கும் சீர்பாதம் தாங்குவோர் நடக்கும்போது 1/125 நொடியும், தீபாராதனைக்காக நிற்கும்போது 1/60 நொடியும் பெரும்பாலும் போதும்.

அடுத்து, லென்ஸின் துளையை முழுதும் திறந்துவிடுங்கள். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். கேமராவுடன் வரும் கிட் லென்ஸை நீட்டினால் கிடைக்கும் எஃப் 5.6-ஐ விட, 50 மி.மீ. லென்ஸின் எஃப் 1.8 ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். புதிய கேமராவுக்குச் செலவிடுவதற்கு முன் இந்த லென்ஸை வாங்குவதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாகத்தான் ஐஎஸ்ஓ. நாச்சியார்கோவிலில் கல் கருடன் வெளியே வர வர அதைத் தாங்குவோர் 4, 8, 16 எனப் பெருகுவதுபோல் ஐஎஸ்ஓவும் 400, 800, 1600 எனப் படிக்குப் படி இரட்டிப்பாகும். பெருமாளின் திருமுகம் திரையில் தெளிவாகத் தெரியும்வரை 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். ஐயமிருந்தால் ஷட்டரையும் துளையையும் மாற்றாமல் 800-இல் ஒரு படமும் 6400-இல் ஒரு படமும் எடுத்து, முதற்படத்தைக் கணினியில் மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு, வெளிச்சமாக்கி ஒப்பிடுங்கள். 800-இல் எடுத்தது தூய்மையாக இராது. பல கேமராக்களில் அதன் நிழற்பகுதிதான் கூடுதலாகக் கெட்டிருக்கும்.

கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா வடிவில் சேமியுங்கள். ஜேபெக்கில் கேமராவே நாய்ஸை மழுப்பும்போது பட்டின் சரிகையும் சேர்ந்து மழுங்கிவிடும்.

அசையாத பொருளுக்கு இன்னொரு வழியும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதால் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். அது இல்லாதபோது கேமராவைக் கையில் பிடித்தபடியே விமானத்தை 16 படங்கள் தொடர்ச்சியாக எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி கண்டால், நாய்ஸ் நான்கில் ஒரு பங்காகக் குறையும்.