நுவரெலியாவில் முகூர்த்தம்: வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களுக்குப் படிப்படியாக

போன வருடம் என் சித்தப்பா மகள் கல்யாணம் இலங்கை மலையகத்தில் இருக்கிற நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா குடும்பம் சென்னையிலிருந்து விடியற்காலை 3 மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கியது. முகூர்த்தம் 9 மணிக்கு. போனில் பார்த்தால் 170 கிலோமீட்டர்தானே, 3 மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மலைப்பாதையில் ரம்பொடை வளைவுகளில் பிள்ளைகள் மாற்றி மாற்றி வாந்தி. அவர்கள் மண்டபத்துக்குள் வரும்போது இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. தாலி கட்டியதைப் பெரியப்பா என் போனில்தான் பார்த்தார்.

நான் ஹட்டன்காரி. இப்போதெல்லாம் வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகள் கல்யாணத்தை மட்டும் இங்கே வந்து வைக்கிறார்கள். முதல் தடவை மலையேறி வருகிற விருந்தாளிகளுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: பத்திரிகை வந்ததும் மாதத்தைப் பாருங்கள்

தை மாதம் என்றால் குளிர். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். சிவனொளிபாத மலை யாத்திரை சீசனும் அப்போதுதான் (டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை). வார இறுதியில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் அறை தேடினால் அலைய வேண்டியிருக்கும். சித்திரை என்றால் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம்: பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், நகரத்துக்குள் வாகனம் நகராது, அறை வாடகை எகிறும். வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குப் பருவமழை. எல்ல, பதுளைப் பக்கம் கல்யாணம் என்றால் இந்தக் கணக்கு மாறும். அங்கே பெரிய மழை வருட இறுதியில்.

இன்னொன்று, முகூர்த்த நாளோ முதல் நாளோ போயாவா என்று பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே பொது விடுமுறை, அன்று மது விற்க மாட்டார்கள். மாப்பிள்ளைத் தோழர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும்.

படி 2: கடவுச்சீட்டும் விசாவும்

கடவுச்சீட்டு இன்னும் 6 மாதமாவது செல்ல வேண்டும். நுழைவு அனுமதிக்கு இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்குகிற தளங்கள் நிறைய. கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால், போன முறை வந்துபோன அண்ணன் சொன்னதை நம்பாமல் நீங்களே பாருங்கள்.

படி 3: முதல் நாளே மலையேறிவிடுங்கள்

இதுதான் முக்கியம். மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், மணி நேரத்தில் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து நுவரெலியாவுக்கு வான் (வேன்) பிடித்தால் 5 மணி நேரத்துக்குக் குறையாது. மழையோ மூடுபனியோ சேர்ந்தால் 6, 7 கூட ஆகும். கண்டி, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியில் வளைவுகள் அதிகம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். இஞ்சி மிட்டாய், ஒன்றிரண்டு பொலித்தீன் பை கையில் இருக்கட்டும். வாந்தி வருகிறவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள், அவர் மாப்பிள்ளையின் தம்பியாக இருந்தாலும் சரி. கல்யாணம் ஹட்டனில் என்றால் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழி.

கோச்சியில் (ரயிலில்) வர எல்லோருக்கும் ஆசை. நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்கி மேலே வர வேண்டும். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் அடித்த தித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. அதனால் வரும் வாரத்தில் எதுவரை ஓடுகிறது என்று விசாரிக்காமல் திட்டம் போட வேண்டாம். ஓடினாலும் அதைக் கல்யாணம் முடிந்து திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தாமதமானாலும் முகூர்த்தம் கைவிட்டுப் போகாது.

டிக்கெட் மலிவு என்று சென்னையிலிருந்து பலாலிக்கு (யாழ்ப்பாண விமான நிலையம்) வந்து இறங்குகிறவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வர ஒரு முழுப் பகல் போய்விடும்.

படி 4: பெட்டி

பட்டுச் சேலைக்குள் போட முழுக்கை உள்பனியன், சால்வை, சொக்ஸ். பல ஹோட்டல்களில் அறைக்குச் சூடேற்றி கிடையாது. கேட்டால் சுடுதண்ணீர்ப் பை தருவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். வழுக்காத செருப்பு, குடை. தேயிலைக்குள் நடக்கப் போகிறீர்கள் என்றால் அட்டை கடிக்கும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் விழுந்துவிடும்.

படி 5: மொய்

இலங்கை ரூபாயில் எழுதுங்கள். டாலர் நோட்டை உறையில் வைத்தால் மொய் எழுதுகிறவர் பாவம், கணக்கை எப்படிப் பதிவது என்று முழிப்பார். உறையில் பெயரோடு ஊரையும் எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தின் பெயரும் அதில் எந்த டிவிஷன் (பிரிவு) என்பதும் இல்லாவிட்டால் ஆள் யார் என்றே தெரியாது: மேல் டிவிஷன் ராஜுவும் கீழ் டிவிஷன் ராஜுவும் வேறு வேறு ஆட்கள். நீங்கள் டொரொண்டோ என்று எழுதினாலும் பக்கத்தில் தாத்தாவின் தோட்டத்தைப் போட்டுவிடுங்கள். மொய் நோட்டைப் படிக்கிற கிழவிகளுக்கு அது போதும், நீங்கள் யார் பேரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 6: தோட்டத்து வீட்டுக்கு அழைத்தால்

போங்கள். ஹோட்டல் மண்டபத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற அத்தை அன்றைக்கு ஒரு நாள் பேரை (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு) விட்டுவிட்டு வந்திருப்பார். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. மறுநாள் “வீட்டுக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க தம்பி” என்று அவர் கூப்பிட்டால், நேரமில்லை என்று சொல்லாதீர்கள். ரொட்டியும் சம்பலும் பிளேன் டீயும் வரும். லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சுற்றுலா இடம் மாதிரி வளைத்து வளைத்துப் படம் எடுக்காதீர்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களையும் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

படி 7: தாம்பூலப் பை

தேங்காய், வெற்றிலை, பழம் எல்லாம் அதில் இருக்கும். அப்படியே பெட்டிக்குள் வைத்து ஆஸ்திரேலியாவில் போய் இறங்கினால் சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தேங்காயை அத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, சீல் வைத்த தேயிலைப் பக்கெட் இரண்டு வாங்கி அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.