பெருங்காய டப்பாவில் கோதுமை

எங்கள் வீட்டில் சின்னவனுக்குக் கோதுமை அலர்ஜி. சப்பாத்தி, ரவை, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் அவ்வப்போது உடம்பில் தடிப்பு வந்துகொண்டிருந்தது. கடைசியில் சந்தேகம் போய் நின்றது பெருங்காய டப்பாவில்! பின்பக்கம் பொடி எழுத்தில் கோந்து, அப்புறம் மைதா. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் இப்படித்தான், மாவு கலந்தே வரும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும்போது தெரிந்த பெயரை மட்டும் தேடினால் ஏமாந்துபோவோம். கேசின், வே பவுடர் என்றிருந்தால் அது பால்தான். மசாலா சிப்ஸில்கூடப் பால் பவுடர் இருக்கும். ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் துணைப்பொருட்களுக்குக் கொடுத்திருக்கும் எண். ஐஎன்எஸ் 322 என்றால் லெசித்தின், எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கச் சேர்ப்பது. சாக்லேட், பிஸ்கட்டில் அது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுத்தது. ஐஎன்எஸ் 220 முதல் 228 வரை சல்ஃபைட் வகை, கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது, உலர்பழ பாக்கெட்டில் பார்க்கலாம். ஆஸ்துமா இருப்பவர்கள் சிலருக்கு இது ஆகாது.

பச்சைப் புள்ளியை நம்பி வாங்கிவிடாதீர்கள். அது சைவம் என்று மட்டுமே சொல்கிறது. பால், வேர்க்கடலை, கோதுமை எல்லாமே சைவம்தானே!

பொருட்கள் பட்டியலுக்குக் கீழே, அலர்ஜி தரக்கூடிய எவையெல்லாம் உள்ளே இருக்கின்றன என்று சொல்ல 'கன்டெய்ன்ஸ்' என்று தனியாக ஒரு வரி இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். 'மே கன்டெய்ன்' என்றிருந்தால், அதே ஆலையில் ஓடும் வேறு சரக்கு கொஞ்சம் ஒட்டியிருக்கலாம் என்று அர்த்தம். கடுமையான அலர்ஜி உள்ளவர்கள் அதையும் தவிர்ப்பதே நல்லது. வழக்கமாக வாங்கும் பாக்கெட்தானே என்று விட்டுவிடாதீர்கள், சேர்மானத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள்.